திறக்காத மூன்று சீட்டு

பாத்துமியில் குளிர்காலம் என்றால் மழைதான்.
கருங்கடலைப் பார்த்த கேசினோ, மூன்றாம் மாடி,
ஐந்தாம் மேசை, இரவு இரண்டரை.
சீட்டுப் போடுகிறவள் நான்.
சட்டையில் குத்திய தகட்டில் லாம்ஸீரா.
தொகையைச் சொல்லலாம். வேறெதுவும் சொல்லக்கூடாது.

முன்பந்தயம் ஐந்தும் பத்தும்தான்.
ஆனால் இன்று ஆளுக்கு ஐயாயிரம் டாலருக்கு
வில்லைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இங்கே ஆழம் எல்லாருக்கும் தெரிகிறது,
எண்ணிப் பார்த்தால் போயிற்று.
கால் யாருடையது என்பதுதான் தெரிவதில்லை.

ஜெவ்தெத் நாற்பது வைக்கிறார்.
திராப்ஸோனில் ஹேசல்நட் மண்டி வைத்திருப்பவர்,
மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்பவர்.
ஷால்வா, நூற்றைம்பது.
ஜெவ்தெத் மூக்கைத் தடவிக்கொண்டு, ஐந்நூறு.
ஷால்வா, ஆயிரத்து முந்நூறு.

ஒரு சீட்டும் இன்னும் மேசைக்கு வரவில்லை.
கல்யாணத்துக்கு முன்பே
சொத்துப் பிரித்துக்கொள்கிற வீடுபோல இருந்தது மேசை.

ஜெவ்தெத் அவன் கண்ணைப் பார்க்கவில்லை,
வில்லை அடுக்கைப் பார்த்தார்.
கேட்கப்பட்டது ஆயிரத்து முந்நூறு அல்ல,
அதன் பின்னால் நிற்கும் மிச்சம் மொத்தமும்.
இரண்டு ராணிகளைத் திருப்பிக் காட்டிவிட்டு
மழைக்குள் சிகரெட் பிடிக்கப் போனார்.

ஷால்வாவின் இரண்டு சீட்டும் கவிழ்ந்தபடியே என்னிடம் வந்தன.
இஸ்பேடு ஏழும் ஆறுமாக இருக்கலாம்,
ஏஸ் ஜோடியாக இருக்கலாம்.
என் கட்டைவிரல் அவற்றின் முதுகை மட்டுமே அறியும்.
கட்டின் மேலே ஒன்றை எரித்து
மூன்றைத் திறந்திருக்கவேண்டும் நான்.
திறக்கவில்லை. கலைத்தேன்.

பதினோரு முறை இப்படி.
கடைசியாகப் பேசும் இடம் கிடைத்தால் ஏற்றுவான்,
கிடைக்காவிட்டாலும் சில நேரம் ஏற்றுவான்.
கதவு தட்டும் முன்பே கதவைப் பிடுங்குகிறவன்.
மேசை மெல்ல மெல்ல நாற்பது வைப்பதையே விட்டது.

பிறகு சீசானா.
குத்தாயிஸியில் பல் மருத்துவர்,
ஊசி போட்டபின் மரத்துப்போகும்வரை
காத்திருந்து பழகிய கை.
நாற்பது வைத்தாள்.
நூற்றைம்பது என்றான் அவன்,
நான் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்த தொகை.

அவள் ஏற்றவில்லை. மடிக்கவும் இல்லை.
நூற்றுப் பத்தை எண்ணி,
கிண்ணத்தில் பஞ்சு வைப்பதுபோல வைத்தாள்.

அப்போதுதான் பார்த்தேன்:
ஷால்வா தன் சீட்டின் ஓரத்தை
மறுபடி தூக்கிப் பார்த்தான்.
இரவு முழுக்க ஒருமுறைகூடச் செய்யாதது.
தன்னிடம் என்ன இருக்கிறதென்று
இதுவரை அவனுக்குத் தேவைப்படவே இல்லை.

ராஜா, நான்கு, நான்கு.
விரலால் மேசையைத் தட்டினாள். அவனும் தட்டினான்.
ஜாக்கி. தட்டல், தட்டல்.
இரண்டு. தட்டல், தட்டல்.
அவளிடம் ஒன்பது ஜோடி.
முந்நூற்றுப் பதினைந்தை அவள் பக்கம் தள்ளினேன்.

அவனுக்கு அது ஒரு நஷ்டமே இல்லை.
ஐயாயிரத்தில் நூற்றைம்பது.
அடுத்த கையிலும் ஏற்றினான்,
ஆனால் அரை மூச்சு தாமதமாக.
அந்த அரை மூச்சை
மண்டிக்காரர் எடைபோட்டுக்கொண்டார்.

ஆறு மணிக்கு மேசை கலைந்தது.
ஆரஞ்சுத் தோல், சாம்பல், ஈரக் கோட்டு வாசம்.
கட்டை எண்ணிக் கொடுக்கவேண்டும், விதி அது.
பச்சைத் துணியில் விசிறியாக விரிக்கிறேன்.
ஐம்பத்திரண்டும் முகம் காட்டுகின்றன,
ஒளிக்க எதுவும் இல்லாதவைபோல.

இதில் எந்த மூன்று?