ஐம்பத்தெட்டாம் முடிச்சு

ஸ்ட்ரோம்னெஸ் துறைமுகத்தில்
கயிற்றைப் பாகக் கணக்கில் விற்பார்கள்.
மெரன் இஸ்பிஸ்டர் அங்கே பேரேடு எழுதினாள்:
இத்தனை பாகம் தார்க்கயிறு,
இத்தனை பாகம் சணல்,
திமிங்கில வேட்டைக்குப் போய்த் திரும்பாத கப்பலின்
பழைய பாக்கி.

மாலையில் வேறு கணக்கு.
அபர்தீனிலிருந்து பேராசிரியர் ஆர்பத்நாட்
கிறுக்கி அனுப்பும் முடிச்சுகளை
அச்சுக்கு ஏற்றாற்போல் வரைந்து தரவேண்டும்.
படத்துக்கு இரண்டு பென்னி.
மேலே போகும் இழை முழுக்கோடு;
கீழே நுழையும் இழை
அந்த இடத்தில் மட்டும் மூச்சுவிட்டுத் தொடரும்.

அவருடைய நம்பிக்கை இது:
வெளியெங்கும் ஈதர் நிறைந்திருக்கிறது.
அணு என்பது அதில் விழுந்த முடிச்சு.
தங்கம் ஒரு முடிச்சு, கந்தகம் இன்னொன்று.
எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டால்
உலகத்தின் சரக்குப் பட்டியல் கையில்.

சரக்குப் பட்டியல் என்றால் மெரனுக்குப் புரியும்.

இந்த முடிச்சுகளுக்கு நுனி கிடையாது.
போட்டு முடித்ததும்
இரண்டு முனைகளையும் இணைத்துவிட வேண்டும்.
அப்புறம் இழுக்கலாம், புரட்டலாம்,
வளையத்துக்குள் வளையம் விடலாம்.
கத்தி மட்டும் கூடாது.

நாற்பத்து மூன்றும் ஐம்பத்தெட்டும்
அவளைத் தூங்கவிடவில்லை.
இரண்டிலும் பத்து இடத்தில் இழை இழையைக் கடக்கிறது.
பார்வைக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை.
வரைந்த விரலுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

கடையிலிருந்து ஒரு பாகம் கயிறு
(பேரேட்டில் தன் பெயரில் எழுதிவிட்டாள்).
முனைகளை ஊசிநூலால் தைத்து
ஐம்பத்தெட்டைப் போட்டாள்.
மூன்றரைக்கே இருட்டும் டிசம்பர் முழுக்க
அது மேசைமேல் கிடந்தது.
நாற்பத்து மூன்றாக மாறவில்லை.

மாறவில்லை.
அது நேற்றுவரை என் கை பட்ட பாடு.
மாறாது என்று எழுதவேண்டுமானால்
நான் முயலாததும்
இன்னும் பிறக்காதவர்கள் முயலப்போவதும்
அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கவேண்டும்.
ஒரு 'வில்லை'க்கும் ஒரு 'ஆது'வுக்கும் நடுவே
எத்தனை கடல்!
கணிதம் குடியிருப்பது
அந்தக் கடலில்தான்.

ஜனவரியில் ஒரு ராத்திரி
மீன் சுத்தம் செய்ய மேசையைக் காலிபண்ணினாள்.
கயிறு நழுவித் தரையில் விழுந்தது.
எடுத்துப் பார்த்தால்
ஒரு வளையம் தோள்மேல் புரண்டு கிடக்கிறது.
எண்ணினாள்: பன்னிரண்டு கடப்பு.
சிக்கல் கூடியிருக்கிறது.

இத்தனை நாளும் குறைக்கத்தானே பார்த்தேன்?

அந்தப் புதுச் சிக்கலைப் பிடித்து
மறுபக்கமாக இழுத்தாள்.
பதினொன்று.
பத்து.
மேசைமேல் நாற்பத்து மூன்று.
மீன் ஈரம் கையில் காயவில்லை.

திரும்பப் போட்டு, திரும்ப மாற்றி,
ஒவ்வொரு படியையும் வரைந்து
அபர்தீனுக்கு அனுப்பினாள்.
ஒரே முடிச்சுக்கு ஐயா
இரண்டு பெயர் வைத்திருக்கிறீர்கள்.

பதில் வந்தது, நான்கு வரி.
ஐம்பத்தெட்டு நீக்கப்படுகிறது.
அந்தப் படத்துக்கான இரண்டு பென்னி
அடுத்த தொகையில் கழிக்கப்படும்.

மெரன் அதையும் பேரேட்டில் ஏற்றினாள்.
நட்டம்: இரண்டு பென்னி.
கயிறு: ஒரு பாகம்.

பின்னால் ஈதரைத் தேடிப் போனவர்கள்
வெறுங்கையோடு வந்தார்கள்.
தங்கம் முடிச்சில்லை. கந்தகமும் இல்லை.
நம்பிக்கை போனது, அட்டவணை நின்றது,
மாப்பிள்ளை ஓடிப்போன வீட்டில்
பந்தல் நிற்பதுபோல்.

அந்தப் பந்தலுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.
இழைகளுக்கு மூன்று வண்ணம் தீட்டிப் பார்த்து
சில முடிச்சுகளுக்கு 'அவிழாது' என்று
துணிந்து எழுதினார்கள்.
உயிரணுவுக்குள் முறுக்கிக் கிடக்கும் நூலில்
முடிச்சு விழுவதைக் கண்டார்கள்.
அங்கே கத்தி உண்டு:
வெட்டி, இழையை விட்டு, ஒட்டிவிடுகிறது
நம் உடம்பு,
விதி எதையும் படிக்காமல்.

ஆர்பத்நாட்டின் அட்டவணையில்
ஐம்பத்தேழுக்கு அடுத்து ஐம்பத்தொன்பது.
எண்களை மாற்ற அவருக்குச் சோம்பல்.
புதிதாகப் படிக்க வருகிறவர்கள்
தாள் ஒட்டிக்கொண்டதோ என்று
அந்த இடத்தில் மட்டும்
விரலால் பிரித்துப் பார்க்கிறார்கள்.