பன்னிரண்டாவது பாகம்

"இத்துடன் நிறுத்திக்கொள்வோம், நன்றி."
ஃபெரியில் இருந்தேன். பட்டர்வொர்த் இன்னும் வரவில்லை.
இருபது பாகத்துக்குப் பேசிய சப்டைட்டில் வேலை;
பன்னிரண்டில் அந்தக் கொரியாக்காரி
கதவைப் பாதி திறந்து நிற்கிறாள்.

ஏழாம் விதியைத் தேடினேன்.
பதினான்கு நாள் முன்னறிவிப்பு, தவறினால் அதற்கும் கூலி:
கையெழுத்திட்ட அன்று
வாசிக்காமல் தாண்டிய வரி.

திட்டி எழுதினேன், அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.
கடைசியில் மிஸ்டர் கூவுக்குப் போனது
ஒரு வணக்கம், கூடவே இன்வாய்ஸ்:
பதினொன்றரை பாகம், பதினான்கு நாள்,
மூவாயிரத்து நூற்றிருபது வெள்ளி.

"அரைப் பாகத்துக்குமா?"
ஆமாம்.

இரவு, கூலியில்லாமல்,
மீதி அரையை ஓடவிட்டேன்.
கதவருகே அவள் நெடுநேரம் பேசினாள்.
தமிழில்
ஒரே சொல் போதுமாயிருந்தது:
போ.