பதினொரு நிமிடம்

எஸ்தோனியாவின் தார்த்து நகரில்
அன்றிரவு பனி ஓயவேயில்லை.
ஸ்கேன் அறை ஜன்னலில் அது அப்பிக்கொண்ட விதம்
லீவிகாவுக்குப் பிடித்துப்போயிற்று.
ஒரு படம். கீழே ஒரு வரி:
"இரவுப் பணிக்கும் ஓர் அழகு."
ஏழு இதயங்கள்.

எட்டாவதாக வந்தது இதயமல்ல.
"கண்ணாடியைப் பெரிதாக்கிப் பார்"
என்றிருந்தான் கீழ்த்தள ஊர்மாஸ்.

பார்த்தாள்.
பனிக்கு நடுவே, இடவலம் மாறி,
அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த திரை.
ஒரு முதுகெலும்பு.
அதன் தலைமாட்டில் ஒரு பெயர்.
(அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.)

அழித்துவிட்டாள்.
பதினொரு நிமிடம்தான் இருந்தது.
பன்னிரண்டு வருட வேலைக்கு
அது போதும்.

விடியும்வரை அந்த ஏழு பேரை எண்ணினாள்.
அக்காள் புருஷன், பள்ளித்தோழி ஒருத்தி,
முகமே தெரியாத ஒரு மீன்பிடிக்காரர்,
மற்றவர்கள்.
யார் யாரிடம் காட்டியிருப்பார்கள்?

மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில்
"தவறுதலாக" என்ற சொல்லைப் போட்டாள்,
எடுத்தாள், மறுபடி போட்டாள்.
எடுத்துவிட்டு அனுப்பினாள்.
நோயாளிக்கும் தெரிவித்தாயிற்று
என்று பதில் வந்தது.

வியாழன் காலை
அதே முதுகெலும்பு மறுபரிசோதனைக்கு வந்தது,
கனத்த கம்பளிக் கோட்டுக்குள்.
மோதிரம், பெல்ட், சாவிக்கொத்து
ஒவ்வொன்றாய்த் தட்டில் வைத்தார்.
காந்தத்தின் அருகே எது ஆகாதென்று
அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
கடைசியாகக் கைபேசி.

பிறகு நிமிர்ந்தார். கோபமாகக்கூட இல்லை.
"உங்களுடையது?"

தட்டில் இடம் இருந்தது.