பல்லிடைக் காற்று

கிண்டி, எட்டாவது மாடி.
மேசைக்கு இந்தப் பக்கம் ஹதகெயாமா,
அந்தப் பக்கம் ஹாலோவே,
குறுக்கே
வாயை வாடகைக்கு விட்ட நான்.
என் பெயர் எழிலி.
ழகரம் மடங்காத நாக்குக்கு எஜிரி-சான்.
பொறுமை இல்லாத நாக்குக்கு எல்லி.

"டிசம்பருக்குள் முடியுமா, முடியாதா?
ஒரு சொல் போதும்" என்கிறார் ஹாலோவே,
சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு.

ஹதகெயாமா பேசவில்லை.
பல்லிடுக்கில் மெல்லக் காற்றை உறிஞ்சினார்.
ஸ்ஸ்ஸ்.
கொதிக்கும் ரசத்தை அவசரமாய் வாயில் விட்டவர்போல.

பதினொரு நொடி. எண்ணினேன்.
மூலையில் ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.
பிறகு, தன் பேனாவைப் பார்த்து:
"முஸுகஷீ தெஸ் நே."
கொஞ்சம் கடினம்தான், இல்லையா.

சொல்லைப் பெயர்ப்பதா,
அதற்கு முன்னால் வந்த காற்றையா?

என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பமும்
கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு
"ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்றவர்கள்தாம்.
அதில் ஒரு குடும்பத்துக்கு ஊர், போரூர்.
எங்கள் வீட்டில் யாரும்
தபால்காரரை எதிர்பார்த்து நிற்கவில்லை.

"கடினம் என்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.
ஹாலோவே முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.
"அருமை! கடினம் என்றால் வழி இருக்கிறது.
என்ன உதவி வேண்டும், சொல்லச் சொல்லுங்கள்."

தேநீர் நேரத்தில்
பிளாஸ்க் அருகே ஹதகெயாமா குரலைத் தாழ்த்தினார்:
"வெளியாட்கள் அப்படித்தான்.
காற்றைப் படிக்கத் தெரியாது.
குழந்தைகள் மாதிரி. கோபித்துக்கொள்ள முடியுமா?"
சொல்லிக்கொண்டே
அவருடைய வலது கை இடது மணிக்கட்டுப் பொத்தானுக்குப் போய்,
அவிழ்க்காமல் திரும்பியது.

வெளியாள் என்றாரே,
கீழே செக்யூரிட்டி பாண்டுரங்கன்
வருகைப் பதிவேட்டில் எழுதியிருப்பது
'ஃபாரின் - 2 பேர்.'

மறுபடி கேட்டார் ஹாலோவே. மறுபடி.
அதே இடத்தில் அதே ஆணி.
மறுபடியும் காற்று, மறுபடியும் பேனா.
ஐந்தாவது அடியில் இறங்கிவிட்டது.
டிசம்பர்.
"அமெரிக்கர், என்ன செய்வது" என்று என்னிடம் சிரித்தபடியே
கையெழுத்துப் போட்டார் ஹதகெயாமா.

ஆறு வருடமாய்க் காற்றைப் படிக்கிறேன்.
தோக்கியோவிலிருந்து யார் வந்தாலும்
"எஜிரி-சான் நம்மவர் மாதிரி" என்று
புதிதாய் வாங்கிய கருவிபோல என்னைக் காட்டுவார்.
போன ஏப்ரலில் சம்பளம் கூட்டக் கேட்டேன்.
"யோசித்துப் பார்க்கிறேன்" என்றார்.
நம்மவர் மாதிரி
அப்போதே புரிந்துகொண்டேன்.
நம்மவர் மாதிரி
அப்புறம் கேட்கவே இல்லை.

ஏழு மணி. கத்திப்பாராவுக்குக் கீழே ஆட்டோ.
ஏறி உட்கார்ந்து "வடபழனி, எவ்வளவு?" என்றேன்.
"பார்த்துக் குடுங்க மேடம்."
"பார்க்கிறதெல்லாம் வேண்டாம். எவ்வளவு?"
என் தொண்டையில் ஹாலோவே.

கண்ணாடியில் ஓட்டுநர்
ஒரு வெள்ளைக்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.
பிறகு அசோக் பில்லர் பக்கம் நிற்கிற
சிவப்பு விளக்குகளையெல்லாம் பார்த்தார்.
பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்.
"ஸ்ஸ்ஸ்... இந்நேரத்துக்கு வடபழனி
கொஞ்சம் கஷ்டம் மேடம்."

இறங்கியிருக்க வேண்டும்.
பையை மடியில் இருத்திக்கொண்டு
இரண்டாம் முறை கேட்டேன்.