ஐம்பது கிலோ

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில்
எல்லா மூட்டையும் ஐம்பது கிலோ.
தராசு அப்படித்தான் சொல்கிறது,
சீட்டிலும் அதுதான் எழுதியிருக்கிறது.
என் கழுத்து மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

பதினெட்டு வருஷம் கோதுமை சுமந்த கழுத்து இது.
நல்ல சரக்கு கெட்டியாக உட்காரும்,
பிடரிப் பள்ளம் பார்த்து இறங்கி
நம்மோடு சேர்ந்து நடக்கும்.
இந்த வைகாசியில் வந்தது
வாய் கொள்ளாமல் பிதுங்கி,
தையல் இழுத்துக்கொண்டு நிற்கிறது.
எடை அதேதான். உடம்புதான் ஊதியிருக்கிறது.
"இன்னாடா, தலகாணி தூக்கினு வர்றியா?"
என்றான் டில்லிபாபு.

கொக்கி குத்திய ஓட்டை வழியாக
நாலு மணி உள்ளங்கையில் விழுந்தது.
ஒட்டிய வயிறு.
நடுக்கோடு மட்டும் ஆழமாக.

கணக்கெழுதும் ஹபீபுல்லா சொன்னார்:
பால் பிடிக்கிற நேரத்தில்
அங்கே பத்து நாள் அனலாம்,
மாசியிலேயே அக்னி நட்சத்திரமாம்.
அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று
அவருக்கும் தெரியாது.
வேகனில் ஒட்டிய சீட்டை
எங்களில் யாருக்கும் வாசிக்க வராது.

தையில் வந்த தஞ்சாவூர் நெல் வேறு கதை.
அறுக்க நின்ற கதிர்மேல் ஐந்து நாள் மழை.
மூட்டைக்குள் கைவிட்டால்
ஜுரக்காரன் நெற்றிபோல் சுட்டது.
ஒரு சாக்கில் இழை வழியே
வெள்ளை வெள்ளையாக முளை.
என் தோளில் நாற்றங்கால் என்று சிரித்தார்கள்,
நானும் சிரித்தேன்.
ராத்திரி குளிக்கும்போது
தோளை இரண்டு தடவை தேய்த்தேன்.

குடோனில் இருபது வரிசை ஏறுகிற இடத்தில்
பதினேழோடு கூரை இடிக்கிறது.
வண்டியும் முன்போல் வருவதில்லை.
கூலி மூட்டைக்குத்தான்,
காத்திருப்பதற்கு இல்லை.

பக்கத்து லைனில் நிலக்கரி.
எண்ணூர்ப் பக்கம் போகிற அதற்கு
சிக்னல் விழும்வரை
கோதுமை வண்டி ஓரமாக நிற்கும்.
கரிக்கு அவசரம்.
இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கிற பத்து நிமிஷத்தில்
கரித்தூள் பறந்துவந்து
மூட்டைகள்மேல் உட்காரும்.
தட்டிவிட்டுத் தூக்குவோம்.
என் வீட்டு ஃபேன் அந்தக் கரியில்தான் ஓடுகிறது,
தெரியாமல் இல்லை.
விடிய விடிய ஓடியும்
சின்னவள் முதுகு முழுக்க வேர்க்குரு.

வண்டி காலியானதும்
விளக்குமாறோடு தண்டவாளத்தில் இறங்குவாள் தேசம்மா.
சிந்தியது அவளுக்கு, அது இங்கே எழுதாத சட்டம்.
அவள் சல்லடை ஒரு பெயின்ட் டப்பா.
அடியில் ஆணி வைத்து அவளே அடித்த ஓட்டைகள்.
மண் விழும், மணி நிற்கும்.
அந்த அளவை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்று இரண்டு தடவை ஜலித்துவிட்டு
அப்படியே குந்திவிட்டாள்.
மண்ணோடு மண்ணாகக்
கோதுமையும் கீழே கிடந்தது.
டப்பாவில் நின்றது
ஜல்லியும் ஒரு பீடித் துண்டும்.

"ஓட்ட பெருசாய்ட்சா பாருப்பா,
ஆணி தேஞ்சது தெரியாம அட்சிட்டனா?"
என்று என்னிடம் நீட்டினாள்.

வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
ஓட்டை எல்லாம்
பழைய அளவில்தான் இருந்தது.