பிங்

மாசம் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்குக்
கிடந்தது எங்கள் பக்கம்.
எந்த ஊர் மெஷினோ, அதில் எத்தனை குடித்தனமோ,
நான் கேட்டதில்லை.
கல்யாண மண்டபம் ஒன்று, ஜோசியம் ஒன்று,
பழைய டயர் வாங்கி விற்பவர் ஒருவர்,
நடுவில் எங்கள் படகுகள்:
பெயர், பதிவு எண், ஸ்ராங்கு, ஆட்கள்,
டோக்கன் வாங்கிய நேரம், கரை திரும்பிய நேரம்.
கடைசிக் கட்டம் விடிந்தும் காலியாயிருந்தால்
அந்த வரி சிவப்பாகும்.

வருஷத்தில் முந்நூறு நாள்
யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.
தங்கச்சிமடத்து ஜெராக்ஸ் கடையில்
ஆதார் நகலுக்கும் லேமினேஷனுக்கும் இடையில்
நான் தட்டிப் போடுவது.

ஆவணிக் கடைசியில் ஓர் இரவு
ஐந்து விசைப்படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
டிவியில் வருமுன்னே
நாலாயிரம் கைப்பேசி ஒரே வாசலில்.
பக்கம் விழுந்தது.
வெள்ளைத் திரை. பிறகு முயலவும்.
கித்தேரியான் மனைவி ரொசாலி
ஷட்டரைத் தட்டித் தட்டிக் கேட்டாள்:
"சிவப்பா, இல்லையா, அதை மட்டும் சொல்லு."

டயர்க்காரர் பக்கமும் அன்றிரவு விழுந்திருக்கும்.
மன்னிக்க வேண்டும் அவர்.

அதற்கப்புறம்தான் தனி சர்வர் தேடினேன்.
தனி என்றால் முழுத் தனியில்லை.
பெரிய மெஷின் ஒன்றைப் பதினாறாய் வகுந்து
இது உன் பங்கு, அடுத்தவன் கை இதில் படாது
என்று எழுதிக் கொடுப்பது.
பங்கு எங்களுக்குப் புதுசா?
டீசல் கழித்து, ஐஸ் கழித்து,
படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு.
ஆனால் கடலில், மீன் வந்த பிறகு பிரிப்போம்.

ஒரு ஜிபி ரேமா, இரண்டா, நாலா?
நாலு போட்டால் பக்கம் நிற்கும், சங்கம் நிற்காது.
"மாசம் ஐநூத்தித் தொண்ணூறா!" என்றார்
பொருளாளர் இஞ்ஞாசிமுத்து.
"ஒரு கூடை நண்டு விலையப்பா."
பிறகு அவரே கார்டை நீட்டினார்,
நம்பரை உள்ளங்கையால் மறைத்தபடி.

எந்த ஊரில் வைப்பது?
கடையடைத்துவிட்டு ஒவ்வோர் ஊராய்ப் பிங் அடித்தேன்.
பிங் ஒன்றும் பெரிய வித்தையில்லை.
இருக்கிறாயா என்று ஒரு குரல்,
இருக்கிறேன் என்று ஒரு குரல்,
நடுவில் கழிந்த மில்லிசெகண்ட்.
மும்பை முப்பத்தெட்டு.
சிங்கப்பூர் எழுபத்தொன்று.
பிராங்க்பர்ட் நூற்றி அறுபது, விலை பாதி.

கை சும்மா இராமல்
கொழும்புக்கும் ஒன்று அடித்தேன்.
அரிச்சல்முனை இருட்டில் நின்றால்
தலைமன்னார் வெளிச்சம் கண்ணுக்கே தெரியும்.
சிலநாள் நம் போனே அந்தக் கரை டவரைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு நல்வரவு என்று
குறுஞ்செய்தி காட்டும்.
என் கேள்வியோ
சென்னை போய், சிங்கப்பூர் போய், மேற்கே திரும்பி,
கொழும்பைத் தொட்டு, போன வழியே வந்தது.
நூற்றி நாற்பத்தாறு.
இத்தனை எல்லை தாண்டியும்
ஒருவரும் மறிக்கவில்லை அதை.

மும்பை. இரண்டு ஜிபி.
பேக்கப் தனிக் காசு என்றது.
முங்கினால் பேரெல்லாம் போயிருமா
என்று ரொசாலி கேட்டது ஞாபகம் வந்து
டிக் அடித்தேன்.
ரூட் கடவுச்சொல்லை ஒரு பழைய டோக்கன் முதுகில் எழுதி
அவளிடமே கொடுத்தேன்.
நான் ஊரில் இல்லாத இரவு வரலாம்.

இப்போது ஓடுகிறது.
பையன்கள் ஐம்பது பேரை ஒரே நேரம் திறக்கச் சொன்னேன்,
அசையவில்லை.
மற்றபடி சிபியு ஒரு சதவீதம்.
யாரும் வராமலிருக்கத்தான்
மாசாமாசம் கட்டுகிறோம் போலிருக்கிறது.

பழையதிலிருந்து மாற்றிய அன்று
வரிக்கு வரி சரிபார்த்தேன்.
கித்தேரியான், மூன்றாம் படகு,
திரும்பிய நேரம்: ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையும்
பிசகாமல் வந்து சேர்ந்திருந்தது.