காரணம் என்ற கட்டம்

வெள்ளைக் கையுறை. சுட்டுவிரல்.
சிக்னலைக் காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்:
"பச்சை. போகலாம்."
பெட்டியில் ஒருவரும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும்.
அகிதா மலைப்பாதையில், ஒற்றைப் பெட்டி டீசல் ரயிலில்
பதினோரு வருஷமாகச் சொல்கிறேன்.

தூக்கம் வரவில்லை என்றபோது மருத்துவர்
ஜென் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.
சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
மூச்சை எண்ணச் சொன்னார்கள், ஒன்றிலிருந்து பத்து வரை.
நான்கைத் தாண்டியதில்லை.
நான்காம் மூச்சில் 6.42 வண்டி வந்துவிடும்,
அதன் பின்னாலேயே மின்கட்டண பாக்கி,
என் கல்யாணத்தன்று அக்கா ஹருயோ சொன்ன ஒரு சொல்.
கால் மரத்தது. மனசு மரக்கவில்லை.
நாலு ஞாயிறு போனேன்.
அப்புறம் கூரைப்பனி அள்ளும் காலம் வந்தது, நல்ல சாக்கு.

பிப்ரவரியில் ஒரு காலை
விரல் நீண்டது. வாய் "பச்சை" என்றது.
விளக்கு மஞ்சள்.
அது மஞ்சள் என்று எனக்கு எட்டியபோது
கம்பம் பின்னால் போயிருந்தது.
பிரேக் பிடித்தேன், கொஞ்சம் தாமதமாக.
ஒன்றும் ஆகவில்லை.
உள்ளே மூன்று பள்ளிப் பிள்ளைகள்,
வெங்காயத்தாள் கட்டை மடியில் வைத்துத் தூங்கிய ஒருவர்.
அவர் தலை முன்னே சாய்ந்து திரும்பியது,
அவ்வளவுதான்.

யாரும் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தேன்.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்,
தீப்பெட்டி அளவு.
காய்ச்சலா, இல்லை. மூடுபனியா, அதுவும் இல்லை.
"நான் அங்கே இல்லை" என்று எழுதினேன்.

மேலாளர் நுகாத்தா திருப்பி அனுப்பினார், சிவப்பு மையில்:
"பணிப்பட்டியலின்படி நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், இசோகாய்."

லாக்கர் அறையில் அந்தத் தாளோடு நெடுநேரம் நின்றேன்,
ஒரு ஷூ போட்டு, ஒரு ஷூ போடாமல்.
இரண்டு வாக்கியமும் உண்மை.

"கவனக்குறைவு" என்று மாற்றினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போது விரலுக்கும் குரலுக்கும் நடுவே
அரை மூச்சு விடுகிறேன்.
விதிப்புத்தகத்தில் அது கிடையாது.
அந்த இடைவெளியில் சில நாள்
விளக்கு தானே வருகிறது,
தலையில் ஒரு பிடி பனியோடு.
சில நாள் வருவது பாக்கி, அல்லது அக்கா.
அதையும் உள்ளுக்குள் சுட்டிச் சொல்கிறேன்:
"அக்கா. போகலாம்."
போவாள், சில சமயம்.

மணி 6.42.
கதவு மூடியது. பிள்ளைகள் இன்றைக்கு நாலு பேர்.
எதிரே கம்பம்.
விரலை நீட்டியாயிற்று.